அடைப்புக்குறிக்குள் இருந்த 10: ஒரு பால் சொசைட்டிக் கணக்கின் நிகழ்வு ஆய்வு

2018 மார்ச் 31, சனிக்கிழமை சாயங்காலம். சொசைட்டியின் ஆண்டுக் கணக்கை மூடும் நாள். கணக்கு எழுதும் அக்காவின் கைப்பேரேட்டில் அந்த வருடத்துப் பட்டுவாடா மொத்தம் 47,16,208.38. என் புரோகிராம் காட்டியது 47,16,209.00. அறுபத்திரண்டு பைசா வித்தியாசம்.

இதுக்குப் போய் மெனக்கெடணுமா என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் சொல்லியும் விட்டேன். அக்கா பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பைசா பெருசில்லீங்க தம்பி. ஓணம் கழிஞ்சு கொஞ்ச நாள்லேருந்து உங்க கம்ப்யூட்டர் நாலணாக் கணக்காத்தான் மொத்தம் காட்டுது. இருவத்தஞ்சு, அம்பது, எழுவத்தஞ்சு, இல்லாட்டி முழு ரூவா. பிப்ரவரி கடைசிலேருந்து அந்த நாலணாவும் போச்சு. எட்டணா, இல்லீன்னா முழு ரூவா. அது ஏன்னு மட்டும் சொல்லுங்க."

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் இந்த ஆய்வு. தப்பு முழுக்க என்னுடையது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொசைட்டியின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம்.

சொசைட்டியும் புரோகிராமும்

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஊர். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வாசல் பலகை மலையாளத்தில், உள்ளே பேச்சு தமிழில். ஆடிட்டுக்கு வருபவர் மலையாளத்தில் கேட்பார், அக்கா தமிழில் பதில் சொல்வார், இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. எண்ணுக்கு மொழி கிடையாது என்பார்கள். கம்ப்யூட்டருக்குள் போனால் எண்ணுக்கும் இரண்டு மொழி உண்டு என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

காலையும் மாலையும் பால் அளந்து, கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்து, விலை அட்டவணைப்படி தொகை போட வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா, அதாவது வருடத்துக்கு 36 பட்டுவாடா. தினம் 300 லிட்டருக்கு முன்னே பின்னே வரும் சின்ன சொசைட்டி. ஒரு பட்டுவாடா கோடையில் ஒரு லட்சத்து இருபதாயிரத்தைச் சுற்றி நிற்கும். மழை பெய்து புல் வந்துவிட்டால் ஒரு லட்சத்து முப்பத்தெட்டு வரை போகும்.

இதற்கான புரோகிராமை 2014-ல் எழுதிக் கொடுத்தேன். பிஎச்பி மொழியில், அடியில் தரவைச் சேமிக்க மைஎஸ்க்யூஎல் 5.5. தொகை வரும் இடத்திலெல்லாம், புள்ளி வைத்த எண்ணைச் சேமிக்கும் வகைகளில் ஒன்றான ஃப்ளோட்டை எடுத்து, ஃப்ளோட்(10,2) என்று போட்டேன். மொத்தம் பத்து இலக்கம், அதில் இரண்டு புள்ளிக்குப் பின்னால் என்பது என் புரிதல். எட்டு இலக்க ரூபாய் என்றால் கோடிக்கணக்கில் கொள்ளும், இந்த சொசைட்டிக்கு ஆயுசுக்கும் போதும் என்று ஒரு நிம்மதி. ஆண்டு மொத்தத்தை மட்டும் அக்கா கையால்தான் போட்டுவந்தார். 2017 ஏப்ரலில், ஒவ்வொரு பட்டுவாடாவும் முடிந்ததும் அதுவரையிலான மொத்தத்தைக் காட்டும் ஒரு திரையைச் சேர்த்தேன். அதற்கும் அதே ஃப்ளோட்(10,2).

முதலில் தேடிய தப்பான இடங்கள்

முதல் சந்தேகம் அக்காவின் கூட்டல் மேல். புரோகிராம் எழுதுகிறவனின் பிறவிக் குணம் அது. கால்குலேட்டரை வைத்து 36 தொகைகளையும் இரண்டு தடவை கூட்டினேன். இரண்டு தடவையும் அவர் எழுதியதுதான் வந்தது.

அடுத்து விலை அட்டவணை. லிட்டரை விலையால் பெருக்கும்போது பைசாவுக்குக் கீழே வருவதை எங்கே வெட்டுகிறோம், எங்கே மேலே தள்ளுகிறோம் என்று பார்த்தேன். அங்கே தப்பில்லை. ஒவ்வொருவர் ஊற்றிய பாலுக்கும் தொகை அந்த நேரமே பைசாவுக்கு முழுமையாக்கி எழுதப்படுகிறது. அக்காவும் அந்த ரசீதுகளைப் பார்த்துத்தான் பேரேட்டில் ஏற்றுகிறார்.

அப்புறம் ஒரு பழைய சங்கதி ஞாபகம் வந்தது. நவம்பரில் ஒரு பட்டுவாடாப் பட்டியலை வங்கியில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தனித்தனி வரிகளைக் கூட்டினால் 1,31,482.57, கீழே அச்சாகியிருந்த மொத்தம் 1,31,482.56. ஒரு பைசா. அன்றைக்கு அக்கா பேனாவால் திருத்தி, முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினார். என்னிடம் சொன்னபோது, ரவுண்டிங்காக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். எங்கள் தொழிலில் ரவுண்டிங் என்பது மருத்துவர்கள் சொல்லும் வைரஸ் காய்ச்சல் மாதிரி. சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள்.

இடம் போதவில்லை போலிருக்கிறது என்று ஃப்ளோட்(10,2)-ஐ ஃப்ளோட்(12,2) ஆக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை, அதே .56. அந்த நிமிஷமே விழித்திருக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் பத்தைப் பன்னிரண்டாக்கியும் உள்ளே ஒன்றும் மாறவில்லை என்றால், அந்தப் பத்து உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசவே இல்லை என்றுதானே அர்த்தம்? எனக்கு அது தோன்றவில்லை. அடைப்பையே எடுத்துவிட்டு வெறும் ஃப்ளோட் என்று போட்டுப் பார்த்தேன். திரையில் 1,31,482.56 இருந்த இடத்தில் 131483 வந்தது. ஆண்டு மொத்தம் 4716210 ஆகிவிட்டது.

"இப்பப் பைசா மொத்தமும் போயி, ரூவாயும் பத்துப் பத்தா வருதுங்களே" என்றார் அக்கா. அடைப்பு இல்லாத ஃப்ளோட்டை மைஎஸ்க்யூஎல் ஆறு முக்கிய இலக்கங்களோடு நிறுத்திக் காட்டும். ஏன் ஆறு என்ற கேள்விக்கு நான் முதல் நாளே பதில் தெரிந்து வைத்திருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது. பழையபடி (10,2) போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அறுபத்து நாலு பைசா ரூபாய்

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு சோதனை செய்தேன். ஒரு காலி அட்டவணை, அதில் ஒரே ஒரு ஃப்ளோட்(10,2) பத்தி (நெடுவரிசை). 65,536.00-லிருந்து 65,536.99 வரை நூறு தொகைகளை உள்ளே போட்டு, வேறு வேறாக எத்தனை இருக்கின்றன என்று கேட்டேன். நூறு என்றது. 1,31,072.00-லிருந்து 1,31,072.99 வரை அதையே செய்தேன். 64 என்றது.

நூறு போட்டேன், முப்பத்தாறு காணாமல் போய்விட்டன. 1,31,072.31 இருக்கிறது, .33 இருக்கிறது, நடுவில் .32 இல்லை. .32 போட்டால் .31 ஆகிவிடுகிறது. .57 போட்டால் .56. சில இடங்களில் மேலேயும் ஏறுகிறது, .90 போட்டால் .91. வங்கி திருப்பி அனுப்பிய தொகைக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

ஏன் 64? ஃப்ளோட்டுக்கு மொத்தம் 32 பிட், அதாவது 0 அல்லது 1 எழுதும் 32 இடம். கூட்டல்-கழித்தல் குறிக்கு ஒன்று, புள்ளி எங்கே என்று சொல்லும் அடுக்குக்கு எட்டு, மீதி 23. முதல் பிட் எப்போதும் 1 என்பதால் அதை எழுதாமலே வைத்துக்கொள்ளும் ஒரு தந்திரம் உண்டு. அதையும் சேர்த்தால் எண்ணின் உடம்புக்கு 24 பிட். ஐஇஇஇ 754 என்ற தரம் 1985-ல் வகுத்துவைத்தது இது. இந்த 24 பிட்டுக்குள்தான் ரூபாயும் பைசாவும் சேர்ந்து குடியிருக்க வேண்டும். ரூபாய் பெருக்கப் பெருக்க பைசா ஒண்டுக்குடித்தனம்.

65,536-க்கும் 1,31,071-க்கும் இடைப்பட்ட ரூபாயை எழுத 17 பிட் வேண்டும். மீதி 7 பிட், அதாவது ஒரு ரூபாயை 128 துண்டாக்கலாம். நூறு பைசாவுக்குத் தாராளம். 1,31,072 என்பது 2-இன் 17-ஆம் அடுக்கு. அதை எழுத 18 பிட் ஆகிவிடும். மீதி 6. ரூபாய்க்கு 64 துண்டு. எங்கள் பட்டுவாடாக்கள் சரியாக இந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தன. கோடையில் 1,29,640.37 ஒழுங்காக வந்து, மழைக்காலத்தில் 1,31,482.57 தப்பிப்போனதன் காரணம் இவ்வளவுதான்.

கோட்டுக்கு மேலே போகப்போக, ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஒரு பிட் பைசாவிடமிருந்து ரூபாய்க்குப் போகும். 2,62,144-க்கு மேல் ரூபாய்க்கு 32 துண்டு. 5,24,288-க்கு மேல் 16. 10,48,576-க்கு மேல் 8. 20,97,152-க்கு மேல் 4. 41,94,304-க்கு மேல் 2. 83,88,608-ஐத் தாண்டினால் வெறும் ரூபாய். 1,67,77,216-க்கு மேல் ஒற்றைப்படை ரூபாய்கூடக் கிடையாது.

திங்கட்கிழமை காலையில் இதை ஒரு காகிதத்தில் எழுதி அக்காவிடம் காட்டிக்கொண்டிருந்தேன். பால் ஊற்றிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அக்காவுக்கு மாமனார் முறை, காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு சொன்னார்:

"இதுல என்னுங்க அதிசயம்? அந்தக் காலத்துல ரூவாய்க்கு அறுவத்துநாலு பைசாதானே?"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவர் சொன்னது நிஜம். 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு நாலு பைசா, ஆக ரூபாய்க்கு 64 பைசா. அதற்கு அஞ்சு மாதம் முன்னால், 1956 நவம்பர் 1-இல், கேரளம் உருவாகியிருந்தது. ஆறு மாதத்துக்குள் மாநிலமும் மாறிக் காசும் மாறியது. அப்போது அவர் அப்பாவின் டீக்கடையில் கல்லாவில் நிற்கும் பையன்.

"நயா பைசா வந்தப்போ நித்தம் சண்டைங்க. ஓரணாவுக்கு ஆறு நயா பைசா. ரெண்டணாவுக்குப் பன்னெண்டு. மூணணாவுக்குப் பத்தொம்பது. நாலணாவுக்கு இருவத்தஞ்சு. நாலு தடவை ஓரணாக் கொடுத்தவனுக்கு இருவத்திநாலுதான் கணக்காகும். ஒரேதரமா நாலணாக் கொடுத்தவனுக்கு இருவத்தஞ்சு. அந்த ஒரு நயா பைசாவை யாரு தின்னதுன்னு கேப்பானுக."

என் காகிதத்தைத் திரும்பப் பார்த்தேன். 64 துண்டு என்று நான் எழுதியிருந்தது பழைய பைசா. 16 துண்டு என்பது அணா. 8 துண்டு இரண்டணா. ஓணத்துக்குப் பிறகு, செப்டம்பர் கடைசியில், எங்கள் மொத்தம் இருபது லட்சத்துத் தொண்ணூற்றேழாயிரத்தைத் தாண்டியிருக்கிறது, அப்போது நாலணா. பிப்ரவரி கடைசியில் நாற்பத்தொரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்தைத் தாண்டியிருக்கிறது, அப்போது எட்டணா. அக்கா சொன்ன கெடுவும் காசும் அப்படியே பொருந்தின. நமது அரசு 25 பைசாவையும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களையும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாததாக்கியது. என் ஃப்ளோட் அதையே பிப்ரவரியில் செய்திருக்கிறது.

இது வெறும் ஒற்றுமை இல்லை. அணாக் கணக்கு, பாதி, பாதியில் பாதி என்று ஒடித்துக்கொண்டே போகும் கணக்கு. 0, 1 மட்டும் வைத்து எழுதும் இரண்டடிமான எண்ணும் அப்படித்தான். நம் பழைய வாய்ப்பாட்டிலும் அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம் என்று ஒரு வரிசை உண்டு. கால்வீசம் என்றால் 1/64. அந்த வரிசையில் வரும் எதையும் ஃப்ளோட் துளி பிசகாமல் எழுதிவிடும். அதே வாய்ப்பாட்டில் மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இவற்றின் அடியில் ஐந்து ஒளிந்திருக்கிறது. எத்தனை தடவை பாதியாக்கினாலும் ஐந்தில் ஒன்று கிடைக்காது. நூறு பைசா ரூபாயும் இந்த மா வரிசைக்காரன்தான். .00, .25, .50, .75 என்ற நாலைத் தவிர மற்ற 96 பைசா மதிப்புகளையும் ஃப்ளோட் மாதிரியான எந்த இரண்டடிமான மிதவைப் புள்ளி எண்ணாலும் அப்படியே எழுத முடியாது. பக்கத்தில் இருப்பதைத்தான் எழுதும். நூறு துண்டுக்குக் கீழே போகும்போது அந்தப் பக்கம் அரைப் பைசாவைவிடத் தூரமாகிவிடுகிறது, அவ்வளவே.

இலக்கமும் பிட்டும்

இங்கே கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும். என் தப்பின் வேர் வெறும் ஃப்ளோட்டில் இல்லை. நான் இலக்கத்தில் கேட்டேன், அது பிட்டில் வைத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் மாற்று விகிதம் ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு உறைக்கவில்லை.

ஒரு தசம இலக்கம் 3.32 பிட்டுக்குச் சமம். ஒரு பிட் 0.30103 இலக்கம். 24 பிட்டை இதால் பெருக்கினால் 7.22 இலக்கம் வரும். ஏழு இலக்கத்துக்கு உத்தரவாதம் என்று பலரும் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் உத்தரவாதம் ஆறுக்குத்தான். இரண்டின் அடுக்குகளும் பத்தின் அடுக்குகளும் ஒரே இடத்தில் வந்து நிற்பதில்லை என்பதால் ஒரு பிட்டைக் கழித்துவிட்டுப் பெருக்க வேண்டும்: 23-ஐ 0.30103-ஆல் பெருக்கினால் 6.92. முழு எண் 6. அடைப்பில்லாத ஃப்ளோட்டை மைஎஸ்க்யூஎல் ஆறு இலக்கத்தோடு நிறுத்தியதற்குக் காரணம் இதுதான். தனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொன்னது. (10,2) என்று நான் கட்டாயப்படுத்தியபோது, தெரியாததையும் தெரிந்த மாதிரி எழுதிக் காட்டியது.

ஏழு எங்கே உடைகிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் 858 கோடியைத் தாண்டிப் பாருங்கள். 2-இன் 33-ஆம் அடுக்கு 858,99,34,592. அங்கிருந்து ஆயிரம் கோடி வரை ஃப்ளோட்டின் அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே 1,024 இடைவெளி. ஏழு இலக்கத்துக்கு வேண்டியது ஆயிரத்துக்கு ஓர் எண். 24 மட்டும் கூடிப்போனதால் ஏழு போய்விட்டது.

சி++ மொழியில் இந்த விவரத்தை நிரலே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஃப்ளோட்டுக்கு டிஜிட்ஸ் எவ்வளவு என்று கேட்டால் 24 என்னும். டிஜிட்ஸ்10 என்று கேட்டால் 6 என்னும். முழு எண் வகையான 32 பிட் இன்ட்டுக்கு முதல் கேள்விக்கு 31, இரண்டாவதற்கு 9. டிஜிட் என்ற ஒரே சொல், முதல் இடத்தில் பிட்டைக் குறிக்கிறது, இரண்டாவதில் நாம் விரல்விட்டு எண்ணும் இலக்கத்தை. குழப்பம் சொல்லுக்குள்ளேயே பிறந்தது: பிட் என்பதே பைனரி டிஜிட் என்பதன் சுருக்கம். 1948-இல் கிளாட் ஷானன் தன் தகவல் கோட்பாட்டுக் கட்டுரையில் அதைப் பயன்படுத்தும்போது, சொல்லைத் தந்தவர் ஜான் டூக்கி என்று குறித்திருக்கிறார். பிட்டும் இலக்கம்தான், இரண்டடிமானத்து இலக்கம். தமிழில் இலக்கம் என்றால் யாரும் தசமத்தைத்தான் நினைப்பார்கள் என்பதால் பிட்டைப் பிட் என்றே விட்டுவிடுவது நல்லது என்பது என் கட்சி.

ஒரே பத்து, பல அர்த்தம்

இந்த சொசைட்டியில் அடைப்புக்குறிப் பத்து என்னை ஏமாற்றியது இது முதல் தடவையும் இல்லை. 2015-இல் பட்டுவாடா விவரத்தை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பலாம் என்று எல்லோருடைய கைப்பேசி எண்ணையும் வாங்கி ஏற்றினோம். பத்து இலக்க எண், அதனால் இன்ட்(10). மறுநாள் ஒருவருக்கும் செய்தி போகவில்லை. பட்டியலைத் திறந்தால் 2147483647 என்ற ஒரே எண் எல்லார் பெயருக்கும் நேரே நின்றுகொண்டிருந்தது. "ஊருக்கே ஒரே போனா?" என்று செக்ரெட்டரி சிரித்தார்.

இன்ட் என்றால் 32 பிட். குறிக்கு ஒன்று போக 31. அதிகபட்சம் 2,147,483,647. நம் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9-இல்தான் தொடங்கும், அதனால் ஒன்றுகூட உள்ளே நுழைய வழியில்லை. பத்து இலக்கம் எதுவானாலும் கொள்ள 34 பிட் வேண்டும். மைஎஸ்க்யூஎல் 5.5 அப்போது கறார் முறையில் ஓடவில்லை. கொள்ளாததை மறுக்காமல், கொள்ளும் பெரிய எண்ணை எழுதிவிட்டு ஓர் எச்சரிக்கையோடு போய்விடும். அந்த எச்சரிக்கையை என் புரோகிராம் கேட்கவே இல்லை. 5.7-இலிருந்துதான் கறார் முறை இயல்பாக வந்தது. அன்றைக்குக் கைப்பேசி எண்ணை எழுத்துப் பத்தியாக மாற்றிச் சரிசெய்தேன். கூட்டவோ பெருக்கவோ போகாததை எண்ணாக வைக்கத் தேவையில்லை. ஆனால் இன்ட்(10)-இல் பத்துக்கு என்ன அர்த்தம் என்று அப்போதும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் 2018 வராது.

அதன் அர்த்தம் இது: திரையில் காட்டும்போது எத்தனை அகலம் விட வேண்டும் என்பது. சேமிப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இன்ட்(1)-உம் இன்ட்(10)-உம் ஒரே 32 பிட்தான்.

ஃப்ளோட்(10,2)-இல் பத்து என்பது, காட்டும்போதும் முழுமையாக்கும்போதும் பார்க்கிற தசம இலக்கம். சேமிப்பு அதே 24 பிட். கமாவை எடுத்து ஃப்ளோட்(10) என்று போட்டால் பத்து சட்டென்று பிட்டாகிவிடும். எஸ்க்யூஎல் தரப்படி ஃப்ளோட்டுக்குப் பின் வரும் ஒற்றை எண் பிட் கணக்குதான். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்திலும் அப்படியே: 1 முதல் 24 வரை போட்டால் நாலு பைட் (ஒரு பைட் எட்டு பிட்), 25 முதல் 53 வரை எட்டு பைட். ஃப்ளோட்(10) என்று கேட்பவன், நிஜத்தில் மூன்றே இலக்கம் போதும் என்று கேட்டிருக்கிறான். பத்து பிட் என்றால் 1,024 வேறுபாடுகள்தானே. அவன் கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்துவிடுவதால் அவனுக்குத் தப்பு தெரியாமலே போய்விடுகிறது. ஆரக்கிள் தரவுத்தளத்தில் நம்பர்(10) என்றால் பத்து இலக்கம், ஃப்ளோட்(10) என்றால் பத்து பிட், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மைஎஸ்க்யூஎல்லில் எழுத்துப் பத்தியான வர்கேர்(10) என்றால் பத்து எழுத்து.

மைஎஸ்க்யூஎல்லில் எண்ணைத் தசம இலக்கமாகவே வைக்கும் டெசிமல்(10,2)-இல் மட்டும் பத்து என்றால் பத்து. நான் 2014-இல் மனதில் வைத்திருந்த அர்த்தம் இந்த ஒரு இடத்தில்தான் இருந்தது, நான் போட்டதோ வேறு இடத்தில்.

மைஎஸ்க்யூஎல்காரர்களுக்கே இது ஒப்பவில்லை போலும். 2019-இல் வந்த 8.0.17-இல், இன்ட்டின் அடைப்பையும் ஃப்ளோட்(10,2) மாதிரியான இரட்டை எண் அடைப்பையும் கைவிடப்படுபவை என்று அறிவித்தார்கள். எனக்கு ஒரு வருடம் தாமதம்.

சரிசெய்தது

ஃப்ளோட்டின் இரண்டு மடங்கான 64 பிட் டபுள் போட்டால் போதாதா என்று பொள்ளாச்சியில் இருக்கும் நண்பர் கேட்டார். போதும்தான், இடத்தைப் பொறுத்தவரை. அதில் எண்ணின் உடம்புக்கு 53 பிட், பைசாவுக்கு 7 எடுத்துவைத்தால் ரூபாய்க்கு 46 பிட், சுமார் 70 லட்சம் கோடி ரூபாய் வரை பைசா தப்பாது. எங்கள் சொசைட்டி அவ்வளவு பால் ஊற்றப்போவதில்லை. ஆனால் .38 அங்கேயும் .38-ஆக இருக்காது, அதற்கு மிக மிகப் பக்கத்தில் இருக்கும். வரிகளின் கூட்டலும் மொத்தமும் சமமா என்று புரோகிராம் கேட்கும் இடத்தில் ஒருநாள் இல்லை என்று வரும். பணத்தில் நான் அதை விரும்பவில்லை.

பைசாவாக்கி முழு எண்ணில் வைக்கும் வழியும் உண்டு. நல்ல வழிதான். ஆனால் அக்கா சில நேரம் அட்டவணையையே நேராகத் திறந்து பார்ப்பார். 471620838 என்று பார்த்தால் அவருக்கு எரிச்சல் வரும். டெசிமல்(12,2) என்று முடிவு செய்தேன். மைஎஸ்க்யூஎல் இதில் ஒன்பது இலக்கத்தை நாலு பைட்டுக்குள் கட்டிவைக்கிறது. ஒன்பது இலக்கத்துக்கு 30 பிட் போதும் என்பதால் 32-க்குள் வசதியாக உட்கார்ந்துவிடும். புள்ளிக்கு முன்னால் பத்து இலக்கத்துக்கு அஞ்சு பைட், பின்னால் இரண்டுக்கு ஒன்று. மொத்தம் ஆறு பைட். ஃப்ளோட்டைவிட இரண்டுதான் கூட. இந்த இரண்டு பைட்டுக்காகத்தான் இத்தனையும்.

பத்தியின் வகையை மாற்றியதும் போன பைசா திரும்பி வந்துவிடாது. .56 என்று சேமித்தது டெசிமலிலும் .56-ஆகத்தான் வந்து இறங்கும். நல்லவேளையாக அடியில் ஒவ்வொரு நாள் ஊற்றலின் தொகையும் தனி வரியாக இருந்தது. அவையும் ஃப்ளோட்தான், ஆனால் ஆயிரம் ரூபாயைத் தாண்டாத சின்னத் தொகைகள், ஆறு இலக்கத்துக்குள் அடங்கியவை. ஒன்றும் கெடவில்லை. அவற்றைப் பைசாவுக்கு முழுமையாக்கி, புதிய பத்தியில் ஏற்றி, 36 பட்டுவாடாக்களையும் மறுபடி கூட்டினேன். 1,31,072-க்கு மேலே போன பட்டுவாடா 19. அவற்றில் ஒரு பைசா தப்பியவை 7. நூற்றுக்கு முப்பத்தாறு என்ற கணக்குக்கு ஏறக்குறைய அதுதான் வர வேண்டும். ஆண்டு மொத்தம் 47,16,208.38 என்று வந்தது. அக்காவின் எண்.

பால் ஊற்றியவர் யாருக்கும் ஒரு பைசா குறையவோ கூடவோ இல்லை என்பதையும் பார்த்து உறுதிசெய்தேன். அவரவர் தொகை சின்னது, அதனால் தப்பித்தது. கெட்டதெல்லாம் மொத்தங்கள் மட்டுமே. ஆடிட்டருக்கு ஒரு பக்க விளக்கம் எழுதினோம். செக்ரெட்டரி அதை மலையாளத்தில் சொல்லிப் பார்த்து, பிட் என்ற இடத்தில் நின்று, பிறகு அணா என்று மாற்றிச் சொன்னார். ஆடிட்டர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் இருந்த அத்தனை அட்டவணைகளையும் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். அடைப்புக்குறி இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்த எண் எதன் எண்ணிக்கை என்று பக்கத்தில் குறிப்பு எழுதினேன். வங்கிக் கணக்கு எண்கள் எழுத்துப் பத்தியில்தான் இருந்தன, ஆனால் அக்கா அவற்றை எக்செலில் ஏற்றி அனுப்புவார். அங்கே பதினைந்து இலக்கத்துக்கு மேல் எல்லாம் பூஜ்யமாகிவிடும். எக்செல் எண்ணை டபுளாக வைப்பதால், 53 பிட்டில் ஒன்றைக் கழித்து 0.30103-ஆல் பெருக்கினால் 15.65, முழு எண் 15. பதினாறு இலக்கக் கணக்கு எண் வைத்திருந்த இரண்டு பேருக்குப் பணம் திரும்பி வந்த பழைய கதைக்கும் விடை கிடைத்தது. அந்தப் பத்தியை எழுத்தாக மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: "இப்பப் போட்டிருக்கீங்களே பன்னெண்டு கமா ரெண்டுன்னு, இந்தப் பன்னெண்டு எதுங்க?"

"இலக்கங்க்கா. பத்து முன்னாடி, ரெண்டு பின்னாடி."

"நிஜமாவா?"

1,31,072.32 போட்டுக் காட்டினேன். .32 என்றே நின்றது. அவர் கைப்பேரேட்டின் பின்னட்டையில் பென்சிலால் "12 – இலக்கம்" என்று எழுதி, கீழே தேதி போட்டுக்கொண்டார். கைப்பேரேடு எழுதுவதை அவர் இன்னும் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.